தறிச் சத்தத்துக்கு நடுவே உட்காரலாம்: மைண்ட்ஃபுல்னெஸ் தியானம் தொடங்குகிறவர்களுக்கு

பல்லடம் பக்கம் ஒரு ஊரில் எங்களுக்குப் பன்னிரண்டு விசைத்தறி. தறி ஓடுகிற குடோனுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். ராத்திரி கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எங்கள் வீட்டில் தூக்கம் கலையும். அந்த அளவுக்குச் சத்தம் பழகிப்போன குடும்பம். மூன்று வருடத்துக்கு முன் கூலி இழுபறியில் தறி இரண்டு மாதம் நின்றபோது எனக்குத் தூக்கம் போனது. தறி திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் வரவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், கூடவே தினமும் தியானம் பழகச் சொன்னார். எப்படிப் பழகுவது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, வெளியே வரிசையில் முப்பது பேர்.

அதற்கப்புறம் எட்டு மாதம் தப்புத் தப்பாக முயன்றேன். வீடியோ பார்த்தேன், செயலிக்குப் பணம் கட்டினேன், சனி ஞாயிறு வகுப்புக்குப் போனேன், விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். உங்களுக்கு அந்த எட்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மனதைக் காலி செய்வதுதான் தியானம் என்று நினைத்து உட்கார்ந்தால் மூன்றாவது நாள் விட்டுவிடுவீர்கள். மனம் காலியாகாது. மைண்ட்ஃபுல்னெஸ் என்பது இப்போது நடப்பதை, நடக்கும்போதே, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கிற பழக்கம். கவனத்தை மூச்சில் வைக்கிறோம். அது ஓடிவிடுகிறது. ஓடியதைக் கண்டுகொண்டு திரும்பக் கூட்டி வருகிறோம். பயிற்சி அவ்வளவுதான்.

தறி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓடுகிற பாவில், அதாவது தறியில் நெடுக்காக ஏற்றிய நூலில், இழை அறுந்தால் என்ன செய்வோம்? தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட விடுவோம். ஒரு ஷிப்டில் இது எத்தனை முறை நடந்தாலும் அதுதான் வேலை. இழையைத் திட்டிக்கொண்டு யாரும் நிற்பதில்லை. பத்து நிமிடத்தில் மனம் முப்பது முறை ஓடி, முப்பது முறை நீங்கள் திருப்பிக் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கு நன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்குப் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

2. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்

தூக்கத்துக்கோ பதட்டத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எடுக்கிறவர்கள், தியானம் தொடங்கியாயிற்று என்று மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தினேன். இரண்டாவது வாரமே நிலைமை முன்பைவிட மோசமானது. பிறகு டாக்டர் சொன்னபடி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.

விபத்து, திடீர் சாவு மாதிரி பெரிய அதிர்ச்சியைப் பார்த்தவர்களுக்குக் கண்ணை மூடியதும் அதே காட்சி வரலாம். அப்படி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், எழுந்து நாலு அடி நடங்கள். அது தொடர்ந்தால் தனியாகப் பழகாமல் ஆலோசகர் துணையோடு பழகுங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் போவதென்றால் கோவையிலும் திருப்பூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் நேரமே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டு, இப்போது சாப்பிடுகிற மாத்திரையின் அட்டை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய், "வெள்ளையா, சின்னதா இருக்குமுங்க" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.

3. நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

பிரம்ம முகூர்த்தத்தில்தான் உட்கார வேண்டும் என்பார்கள். எழ முடிகிறவர்களுக்கு நல்லதுதான். ராத்திரி பன்னிரண்டு மணி வரை குடோனில் நிற்கிறவன் நாலு மணிக்கு எழுந்தால் உட்கார்ந்தபடி தூங்குவான். தினமும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு தியானத்தைச் சேர்த்துக் கட்டுங்கள். பல் தேய்த்த பிறகு, டீ குடிப்பதற்கு முன்பு என்பது எனக்கு ஒத்துவந்த நேரம். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் குளித்துவிட்டு, படுப்பதற்கு முன் உட்காரலாம். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம்.

அமைதியான இடம் தேடிச் சுற்றாதீர்கள். நான் தேடினேன். தோட்டத்துக்குப் போனால் மோட்டார், மொட்டை மாடிக்குப் போனால் ஆடிக்காற்று. ஆனியில் தொடங்கி ஆடி முழுக்கப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் மாடியில் பாய்கூட நிற்காது. மாசி பங்குனி வந்தால் ஊர் ஊராகக் கோயில் திருவிழாவான நோம்பி சாட்டி, குழாய் ரேடியோ கட்டிவிடுவார்கள். கடைசியில் குடோன் சுவரை ஒட்டிய அறையிலேயே உட்கார்ந்தேன். தறிச் சத்தமும் கவனிக்கிற ஒரு பொருள்தான் என்று எடுத்துக்கொண்டதும் அதோடு சண்டை நின்றது.

ஒன்று மட்டும் கவனம்: குடோனுக்கு உள்ளே உட்காராதீர்கள். அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும். தறி ஓட்டும்போது மூச்சில் கவனம் வைப்பதும் கூடாது, கவனம் முழுக்கத் தறியில்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் சொல்லிவிடுவது முக்கியம். முதல் நாள் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார, அம்மா வந்து தட்டி, "ஏங்கண்ணு, மேலுக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர்களும் பயப்பட மாட்டார்கள், பத்து நிமிடம் குழந்தைகளையும் பிடித்துவைப்பார்கள்.

4. உட்கார என்ன வேண்டும்

வாங்க வேண்டியது எதுவும் இல்லை. தியான மெத்தை என்று இணையத்தில் விற்கிறார்கள், எனக்கு அது தேவைப்படவில்லை. திருப்பூரில் கிலோ கணக்கில் விற்கிற பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பழைய தலையணை உறையில் இறுக்கமாகத் திணித்துத் தைத்தேன். மூன்று வருடமாக உழைக்கிறது. இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் முதுகு தானாக நிமிரும், அதற்காகத்தான் அந்த மெத்தை. போர்வையை நாலாக மடித்தும் போட்டுக்கொள்ளலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காருங்கள், பலன் ஒன்றும் குறையாது. சாயாமல், இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பட வேண்டும். பத்மாசனம் போட்டே தீருவேன் என்று மூட்டைக் கெடுத்துக்கொண்டு எலும்பு டாக்டருக்குச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

5. முதல் முறை உட்காரும்போது

போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மென்மையான மணிச் சத்தத்தோடு டைமர் வையுங்கள். டைமர் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்க்கத் தோன்றும்.

உட்கார்ந்ததும் உடம்பு எங்கெங்கே தரையைத் தொடுகிறது என்று கவனியுங்கள். தாடை, தோள், வயிறு மூன்றையும் தளர விடுங்கள். அப்புறம் மூச்சு. மூக்கு நுனியில் காற்று உரசுவது தெரிகிறதா, வயிறு ஏறி இறங்குவது தெரிகிறதா என்று பார்த்து, எது தெளிவாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை மாற்றாதீர்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கவோ நீட்டவோ வேண்டாம், அது பிராணாயாமம், வேறு பயிற்சி. இங்கே மூச்சு தன்பாட்டில் போகும், நாம் பார்க்கிறோம்.

பிடி கிடைக்கவில்லை என்றால் எண்ணுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. பதினேழில் இருப்பதைத் திடீரென்று கண்டுபிடித்தால், சரி, மனம் போயிருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து. நூல் விலை, பையனின் பீஸ், யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல் என்று எது வந்தாலும் "நினைப்பு" என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள்.

இந்த இடத்தில் ஆட்கள் விழுகிற குழிகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் மனம் முன்பைவிட அதிகமாக இரைகிற மாதிரி தெரியும். இரைச்சல் கூடவில்லை, இப்போதுதான் காதில் விழுகிறது. நெற்றியில் வெளிச்சம் வருமா, உடம்பு லேசாகுமா என்று எதிர்பார்க்காதீர்கள். வந்தாலும் அது வந்து போகிற ஒன்றுதான். தூக்கம் தள்ளினால் கண்ணைப் பாதி திறந்து, நாலு அடி தள்ளித் தரையைப் பாருங்கள். அரிப்பு எடுத்தால் அது எங்கே தொடங்கி எப்படிக் கூடுகிறது என்று பத்து மூச்சு பார்த்துவிட்டு, அப்புறமும் தாங்கவில்லை என்றால் சொறிந்துகொள்ளுங்கள். கால் மரத்துப்போனால் மாற்றிப் போடுங்கள், சட்டென்று எழுந்து விழாதீர்கள்.

நேர அளவு: முதல் வாரம் ஐந்து நிமிடம், காலையும் மாலையும். இரண்டாம் மூன்றாம் வாரம் பத்து. ஒரு மாதம் கழித்து பதினைந்து, இருபது. முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்து மறுநாளிலிருந்து உட்காராமல் போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி எட்டு வாரம் நடக்கும், வகுப்பு போக வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரம் பழகச் சொல்வார்கள். அவ்வளவு கட்டுக்கோப்பான பயிற்சிக்கே எட்டு வாரம் என்றால், வீட்டில் பத்து நிமிடம் பழகுகிற நாம் இரண்டு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். எனக்குத் தூக்கம் சீரானது நான்காவது மாதத்தில்.

படுக்கையில் செய்வதற்கு வேறொன்று இருக்கிறது. மல்லாந்து படுத்து, இடது கால் விரலில் தொடங்கி, பாதம், கெண்டைக்கால், முழங்கால் என்று ஒவ்வொரு இடமாகக் கவனத்தை நகர்த்தி உச்சந்தலை வரை வாருங்கள். சூடு, குளிர்ச்சி, துடிப்பு, ஒன்றுமே தெரியாமை என எது இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டு நகருங்கள். பாதியிலேயே தூங்கிவிட்டால் ராத்திரிக்கு அது லாபம்தான். பகலில் உட்காருவதற்குப் பதிலாக இதை மட்டும் செய்ய வேண்டாம்.

6. அன்றாட வேலைக்குள் கொண்டுவாருங்கள்

உட்காருகிற பத்து நிமிடம் போக மிச்சமிருக்கிற நாள் முழுக்கப் பழைய மாதிரியே போனால் பெரிய மாற்றம் தெரியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கவனத்தோடு செய்கிறேன் என்று இறங்கவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சாப்பாட்டில் தொடங்கினேன். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் அரிசியும் பருப்பும் சாதம். முதல் மூன்று வாய் மட்டும் போனும் டிவியும் பேச்சும் இல்லாமல். தட்டிலிருந்து எழும் ஆவி, நெய் உருகுகிற மணம், சின்ன வெங்காயம் பல்லில் நறுக்கென்று உடைவது, விழுங்கிய பிறகு நாக்கில் தங்குகிற ருசி. நாற்பது வருடமாகச் சாப்பிடுகிற சாதம்தான், அதில் சீரகம் அத்தனை தூரம் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன். நாலாவது வாயிலிருந்து பேசிக்கொண்டே சாப்பிடலாம், தப்பில்லை.

அடுத்த வாரம் குளியல், முதல் இரண்டு சொம்புத் தண்ணீர். அப்புறம் நடை. தென்னந்தோப்பு இருக்கிறவர்களுக்கு இரண்டு வரிசை மரம் போதும், இல்லாதவர்களுக்கு வாசல். இருபது அடி போய் இருபது அடி திரும்பி, குதிகால் படுவது, பாதம் அழுந்துவது, விரல் எழுவது என்று பாருங்கள். தரையைப் பார்த்து நடங்கள், சாயந்திரம் தோப்பில் பாம்பு இருக்கும்.

வண்டி ஓட்டும்போது ஓட்டுவதையே கவனியுங்கள்: கைப்பிடி, கண்ணாடி, முன்னால் போகிற லாரி. சிக்னலில் நிற்கும்போது மூன்று மூச்சு பார்க்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு.

எனக்கு அதிகம் உதவியது போன்தான். மணி அடித்ததும் எடுக்காமல் ஒரு மூச்சு முழுக்க விட்டுவிட்டு எடுப்பேன். நூல்காரரோ துணிக்காரரோ கோபமாகப் பேசினால், பதில் வாய்க்கு வருவதற்கு முன் நெஞ்சில் ஏறுகிற சூடு இப்போதெல்லாம் தெரிகிறது. தெரிந்த பிறகு கத்துவதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு விநாடி கிடைக்கிறது. எங்கள் வீட்டில் சண்டை குறைந்தது அந்த ஒரு விநாடியால்.

7. செயலிக்கும் வகுப்புக்கும் பணம் கட்டும் முன்

செயலி வேண்டுமென்றால் இலவசப் பகுதியே போதும். "ஏழு நாள் இலவசம்" என்று சொல்லி ஆட்டோபே அனுமதி வாங்குவார்கள், எட்டாவது நாள் வருடச் சந்தா எடுக்கப்பட்டுவிடும். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா ரத்தாகாது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதிக்குள் போய் ரத்து செய்யுங்கள், யுபிஐ செயலியிலும் ஆட்டோபே பட்டியலைத் திறந்து பாருங்கள். இது தெரியாமல் எனக்கு இரண்டு வருடப் பணம் போனது.

வகுப்பில் சேரும் முன் நாலு கேள்வி கேளுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, இதற்குப் பிறகு அடுத்த நிலைக்கு வர வேண்டும் என்று சொல்வீர்களா, சொல்லித் தருகிறவர் எங்கே எத்தனை வருடம் பழகியவர், பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா. கோவையில் நான் போன சனி ஞாயிறு வகுப்புக்கு 4,500 ரூபாய். இரண்டாம் நாள் மாலை, உண்மையான பயிற்சி அடுத்த நிலையில்தான் என்றார்கள், அதற்கு இன்னும் மூன்று மடங்கு. நோயைத் தீர்ப்போம், மருந்தை நிறுத்தலாம் என்று சொல்கிற இடத்திலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பக்கம் ஊருக்கு ஊர், வேதாத்திரி மகரிஷியின் தியான முறையைச் சொல்லித் தருகிற மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. ஆழியாறு அறிவுத் திருக்கோயிலைத் தெரியாதவர்கள் கொங்கு நாட்டில் குறைவு. அந்த முறையில் ஆக்கினை (புருவ மத்தி), மூலாதாரம் (முதுகுத்தண்டின் அடி), துரியம் (உச்சந்தலை) என்று குறிப்பிட்ட இடங்களில் மனதை நிறுத்துவார்கள். அது நல்ல பயிற்சி, ஆனால் இங்கே சொல்கிற கவனிப்புப் பயிற்சி வேறு. எங்கள் பெரியப்பா இருபது வருடமாக அதைத்தான் செய்கிறார், நான் இதைச் செய்கிறேன். ஒரே உட்காரலில் இரண்டையும் கலக்காதீர்கள். ஏதாவது ஒன்றை எடுத்து ஆறு மாதம் விடாமல் செய்து பாருங்கள்.

8. பத்து நாள் முகாமுக்குப் போக விரும்பினால்

வீட்டில் மூன்று மாதமாவது பழகிவிட்டுப் போங்கள் என்பது என் அபிப்பிராயம். பழகாமல் போகவும் அனுமதி உண்டு. எஸ்.என். கோயங்கா சொல்லித்தந்த மரபில், உடம்பில் எழும் உணர்வுகளைக் கவனிக்கிற விபஸ்ஸனா தியான முகாம்கள் தமிழ்நாட்டில் சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கிற தம்ம சேதுவிலும், திண்டுக்கல் காந்திகிராமம் அருகே தம்ம மதுராவிலும் நடக்கின்றன. நமக்குத் திண்டுக்கல் பக்கம். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் போனேன்.

செலவு: தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. முகாமை முழுதாக முடித்தவர்களிடம் மட்டும், விருப்பமிருந்தால் நன்கொடை வாங்குவார்கள். முன்பணம் யாராவது கேட்டால் தவறான இடத்தில் விண்ணப்பிக்கிறீர்கள். உங்களுக்கு ஆகிற செலவு பஸ் காசும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும்தான்.

நாட்கள்: பத்து நாள் என்றாலும் பன்னிரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் மதியம் போய்ச் சேர வேண்டும், பன்னிரண்டாம் நாள் காலைதான் விடுவார்கள். பாவு இறங்குகிற நாள், பிள்ளைகளின் பரீட்சை, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் இருந்தால் அந்தத் தேதியைத் தொடாதீர்கள். பாதியில் எழுந்து வரக் கூடாது என்பது விதி.

விண்ணப்பம்: இணையத்தில் மட்டும் நிரப்பினால் போதும். உடல்நலம், மனநலம், இப்போது எடுக்கிற மருந்து, முன்பு பழகிய தியானம் எல்லாம் கேட்பார்கள். மறைக்காதீர்கள், உள்ளே போனபின் தெரிந்தால் உங்களுக்குத்தான் ஆபத்து. மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். நான் இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்தும் காத்திருப்புப் பட்டியலில்தான் இருந்தேன். உறுதி வந்த பிறகு, வருகிறேன் என்று மறுபடி உறுதி சொல்லச் சொல்லித் தகவல் வந்தது, அதைப் பார்க்காமல் விட்டால் இடம் கைநழுவும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அசலும் நகலும், உறுதிக் கடிதம், அவசரத்துக்குப் பேச வீட்டு எண் எழுதிய தாள், பன்னிரண்டு நாளுக்கான மாத்திரை, தளர்வான பருத்தித் துணி, போர்வை, டார்ச், கொசுவர்த்தி, குடை. போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புத்தகம், நோட்டு, பேனா, பீடி சிகரெட், பாக்கு எதுவும் கூடாது.

உள்ளே காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் தியானம். சக ஆட்களோடு பேசக் கூடாது, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், சாப்பாடு தங்கும் வசதி பற்றி ஏற்பாட்டாளரிடம் சொல்லலாம். மதியச் சாப்பாடு பதினோரு மணிக்கு, சாயந்திரம் புதியவர்களுக்குப் பழமும் டீயும், ராத்திரிச் சாப்பாடு இல்லை. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நாலாவது நாள்தான் விபஸ்ஸனா. எனக்கு இரண்டாவது நாளும் ஆறாவது நாளும் கிளம்பிவிடலாம் என்று இருந்தது, இரண்டு முறையும் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். சொன்னதே பாரத்தைக் குறைத்தது.

திரும்பி வந்த அன்றே கணக்கு நோட்டைத் திறக்காதீர்கள். பன்னிரண்டு நாள் கூலி, வந்த போன், நின்ற தறி எல்லாம் ஒரே நாளில் மேலே விழும். ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

9. விட்டுப்போனால்

விட்டுப்போகும். காய்ச்சல், துக்க வீடு, அவசர ஆர்டர் என்று ஏதாவது வரும். விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு உட்கார வேண்டாம். மூன்று நாளுக்குமேல் விட்டிருந்தால் முதல் வாரத்தின் ஐந்து நிமிடத்துக்கே திரும்பிப் போய்த் தொடங்குங்கள். எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டினால் பதினைந்து நாள் வீடு நிறைய ஆட்கள், நான் உட்காருவதே இல்லை. நோம்பிக்காகக் கோயிலில் நட்ட கம்பத்தைப் பிடுங்கிய மறுநாள் காலை, பல் தேய்த்துவிட்டு, அதே மெத்தையில் ஐந்து நிமிடம்.